ஒரே ராத்திரியில் கடை எண் முடங்கியது: இனி வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவது?

இளம்பிள்ளைத்தறி | திங்கள், இரவு 10:52

வணக்கம். சேலம் பக்கம் இளம்பிள்ளையில் எங்களுக்குச் சேலை மொத்த வியாபாரம். அப்பா நாலு தறியோடு தொடங்கியது. இப்போது நானும் தங்கையும் கூட நிற்கிறோம்.

அப்பா காலத்தில் வியாபாரி நேரில் வருவார். திண்ணையில் உட்கார்ந்து காபி குடிப்பார், கட்டைப் பிரிப்பார், முந்தியை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அப்புறம்தான் விலை பேச்சு. 2018இல் வாட்ஸ்அப் பிசினஸ் செயலி வந்தபோது தங்கை அதை அப்பாவின் எண்ணில் போட்டாள். அடுத்த வருடம் அதில் கேட்டலாக் வசதி வந்தது. படம், விலை, நூல் வகை எல்லாம் ஏற்றினோம். ஊரடங்கில் ஒருவரும் கடைக்கு வர முடியாத மாதங்களில் எங்கள் அடுப்பு எரிந்தது அந்தக் கேட்டலாக்கால்தான். இன்று எங்கள் விற்பனையில் பாதிக்கு மேல் போனில்தான் நடக்கிறது.

இந்தத் தீபாவளிக்கு முன் ஒருவர் வந்து ஒரு மென்பொருளைக் காட்டினார். "ஒரு ராத்திரியில் பத்தாயிரம் பேருக்குப் போகும், எண் சேமித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை" என்றார். பணம் கட்டினேன். எங்களிடம் இருந்த 4,100 எண்களோடு அவர் கொடுத்த வேறு ஒரு பட்டியலையும் சேர்த்து ராத்திரி ஒன்பது மணிக்கு ஓடவிட்டேன். பதினொரு மணிக்குள் வாட்ஸ்அப் எங்கள் எண்ணை முடக்கிவிட்டது. விற்றவரின் போன் இன்றுவரை அணைந்தே கிடக்கிறது.

அது அப்பா 14 வருடமாக வைத்திருக்கும் எண். கடைப் பலகையில், பையில், பில்லில் எல்லாம் அதுதான். மறுபரிசீலனைக்கு எழுதிப் போட்டு ஐந்தாம் நாள் திரும்பக் கிடைத்தது. ஆனால் அந்த ஐந்து நாளில் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. பண்டிகை ஆர்டர் கேட்டு எத்தனை பேர் செய்தி போட்டிருப்பார்கள் என்று நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. எண் திரும்பிய பிறகும் பழையபடி பதில் வரவில்லை. பலர் எங்களைத் தடைசெய்து வைத்திருக்கிறார்கள் போல.

இனி என்ன செய்வது? குறுஞ்செய்தியா, இன்ஸ்டாகிராமா, சொந்தமாக ஒரு செயலியா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நிரல்நெசவு | திங்கள், இரவு 11:30

தம்பி, முதலில் ஒன்று. எண் திரும்பக் கிடைத்தது பெரிய விஷயம். நிறையப் பேருக்குக் கிடைப்பதில்லை.

பிசினஸ் செயலியில் பிராட்காஸ்ட் பட்டியல் (ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாகப் போகவிடும் பட்டியல்) ஒன்றில் 256 பேர்தான் சேர்க்க முடியும். அதிலும் உங்கள் எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் செய்தி போய்ச் சேரும். வியாபாரிகள் பலர் இதைக் குறை என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒருவர் உங்கள் பெயரைத் தட்டச்சு செய்து, 'இளம்பிள்ளை சேலைக்கடை' என்று தன் போனில் ஏற்றுகிறார் என்றால் "நீங்கள் என்னிடம் பேசலாம்" என்று சொல்கிறார். அவர் சொல்லாமலே பேசப் போனதுதான் அந்த மென்பொருளின் வேலை. முன்பின் தெரியாத எண்ணிலிருந்து செய்தி வந்தால் 'தடைசெய், புகாரளி' என்ற பொத்தான் கண் முன்னால் நிற்கிறது. சில நூறு பேர் அதைத் தொட்டாலே போதும்.

உங்களிடம் இருக்கும் 4,100 எண்களில் எத்தனை பேர் உங்களைச் சேமித்திருக்கிறார்கள்? உங்கள் சொத்துக் கணக்கு அந்த எண்ணிக்கைதான். அதைக் கண்டுபிடித்துவிட்டு மற்றதைப் பேசுவோம்.

அஞ்சறைப்பெட்டி | செவ்வாய், காலை 6:15

தம்பி, நான் மதுரைப் பக்கம் ஒரு சிற்றூரில் இருந்து எழுதுகிறேன். ஏழு வருடமாக ரீசெல்லர், அதாவது மொத்தக் கடைச் சேலையை என் லாபம் வைத்துப் போன் வழியே விற்பவள். உங்கள் ஊர்ச் சேலையும் விற்றிருக்கிறேன். மொத்த வியாபாரி பக்கத்துக் கதையைச் சொன்னீர்கள், போனின் இந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று நான் சொல்கிறேன்.

காலையில் ஐந்து குரூப்பிலிருந்து இருநூறு, முந்நூறு படம் வந்து விழும். அத்தனையையும் அப்படியே அனுப்பினால் ஒரு வாரத்தில் என்னை எல்லாரும் விலக்கிவிடுவார்கள். நான் பத்துப் படம்தான் எடுப்பேன். எடுக்கும்போதே இது யாருக்கு என்று தெரியும். வளைகாப்பு வைத்திருக்கிற வீட்டுக்குப் பச்சையும் அரக்கும். பள்ளிக்கூட டீச்சர்களுக்கு ஐந்நூறுக்குள் காட்டன், கஞ்சி போடத் தேவையில்லாதது. அவரவருக்குத் தனியாக அனுப்பி, கூடவே அரை நிமிடம் வாய்ஸ் நோட் போடுவேன்.

போன மாதம் ஒரு அம்மா கேட்டார், "இந்தப் பச்சை கிளிப்பச்சையா, இலைப்பச்சையா?" கடைக்காரர் படத்தில் குழல்விளக்கு வெளிச்சம், சொல்லவே முடியவில்லை. அந்தச் சேலையின் சாம்பிள் ஒன்று என்னிடம் இருந்தது. மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்க் கறிவேப்பிலைத் தொட்டிப் பக்கத்தில் விரித்துப் படம் எடுத்து அனுப்பினேன். "கறிவேப்பிலையை விட ஒரு பொட்டு வெளுப்பு" என்று சொன்னேன். அவர் தனக்கும் மூன்று நாத்தனாருக்கும் சேர்த்து நாலு வாங்கினார். நானே விளம்பரம் பண்ணினேன் என்று சொன்னால் அந்தப் படம் ஒன்றைத்தான் சொல்ல முடியும்.

பணம் யூபிஐயில்தான். ஸ்க்ரீன்ஷாட்டை நான் நம்புவதில்லை, வங்கியில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகே டிஸ்பாட்ச். வாங்குபவரிடமும் சொல்லிவிடுவேன், கவரைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள், இடையில் நிறுத்தாதீர்கள், டேமேஜ் இருந்தால் அதை வைத்துத்தான் நான் கடைக்காரரிடம் பேச முடியும். ஏழு வருடத்தில் இந்த ஊரில் முப்பது வீட்டுப் பெண்களாவது இப்படிச் சம்பாதிக்கக் கற்றுக்கொண்டார்கள். கடை வாடகை இல்லை, முதல் இல்லை, போன் மட்டும்தான்.

நீங்கள் 'ஒரு ராத்திரியில் பத்தாயிரம் பேர்' என்று எழுதியதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. அந்தப் பத்தாயிரத்தில் என்னுடைய ஆட்களும் இருந்திருப்பார்கள்.

பொறையார்வாசி | செவ்வாய், காலை 9:04

ஓய்வுபெற்ற ஆசிரியன். வாங்குகிறவன் பக்கமிருந்து எழுதுகிறேன், கொஞ்சம் கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் என் மனைவிக்கு ஸ்கேன் எடுத்திருந்தோம். ரிப்போர்ட் போனில் வரும் என்றார்கள். காலை எட்டிலிருந்து பத்துக்குள் என் போனில் 23 செய்தி. கடன் வேண்டுமா, மனை வேண்டுமா, கம்மல் வேண்டுமா, நான் என்றைக்கோ ஒரு சட்டை வாங்கிய கடையின் 'இன்றே கடைசி' (அந்தக் கடைக்கு வருடம் முழுவதும் இன்றே கடைசிதான்). இவற்றுக்கு நடுவே ரிப்போர்ட் வந்ததே தெரியாமல் மாலை மூன்று மணிவரை இருவரும் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம்.

முன்பெல்லாம் விளம்பரம் செய்தித்தாளில் இருந்தது, பக்கத்தைப் புரட்டிவிட்டால் முடிந்தது. இப்போது அது என் மகன் பேசும் இடத்துக்கே வந்து நிற்கிறது. அதே மணியோசை, அதே இடம். மகன் கூப்பிடுகிறானா, மனைக்காரர் கூப்பிடுகிறாரா என்று தெரியாமல் ஒவ்வொரு முறையும் மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறேன்.

விளம்பரம் வேண்டாம் என்று 1909 என்ற எண்ணில் பதிந்தேன். குறுஞ்செய்தி கொஞ்சம் குறைந்தது. வாட்ஸ்அப்பில் வருவது குறையவே இல்லை. ஏன்?

செய்தித்தூது | செவ்வாய், பிற்பகல் 1:47

ஐயா, உங்கள் கேள்விக்கும் தம்பியின் 'குறுஞ்செய்தியா' என்ற கேள்விக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். மொத்தக் குறுஞ்செய்தி அனுப்பும் துறையில் ஒன்பது வருடம் இருந்தவன்.

1909 என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளின் கீழ் வருவது. தொலைபேசி நிறுவனங்கள் வழியாகப் போகும் அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும்தான் அது செல்லும். வாட்ஸ்அப் இணையத்தில் ஓடுவது, அங்கே அந்தப் பதிவு எட்டாது. அங்கே உங்கள் கையில் இருக்கும் முக்கிய ஆயுதம் நிரல்நெசவு சொன்ன 'தடைசெய், புகாரளி' பொத்தான். தயங்காமல் பயன்படுத்துங்கள்.

குறுஞ்செய்தியின் கதை இது. 2011இல் டிராய் கெடுபிடி தொடங்கியபோது ஒரு சிம்மிலிருந்து ஒரு நாளைக்கு இத்தனைதான் என்று எண்ணிக்கைக்கே கட்டுப்பாடு போட்டார்கள். அப்படியும் விளம்பரத் தொல்லை நிற்கவில்லை. 2018இல் புது விதி வந்தது. வியாபாரச் செய்தி அனுப்ப வேண்டுமானால் நிறுவனம் டிஎல்டி என்ற பதிவேட்டில் பதிய வேண்டும், அனுப்புநர் பெயராகக் காட்டும் ஆறெழுத்துத் தலைப்பு வாங்க வேண்டும், அனுப்பப்போகும் வாசகத்தை முன்கூட்டியே கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும். 2021 மார்ச் 8ஆம் தேதி இதை முழுமையாக அமல்படுத்தியபோது நாடு முழுக்க ஓடிபி வராமல் வங்கிப் பரிவர்த்தனைகள் நின்றன. ஒப்புதல் பெறாத வாசகம் எல்லாவற்றையும் வடிகட்டி நிறுத்திவிட்டது. டிராய் ஒரு வாரம் தள்ளிவைத்தது. அன்று எங்கள் அலுவலகத்தில் ஒருவர்கூட மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. 2025லிருந்து தலைப்பின் கடைசியில் ஒரு எழுத்தும் சேர்ந்திருக்கிறது. பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி பரிவர்த்தனை, ஜி அரசு. ஐயா, உங்கள் ரிப்போர்ட்டைத் தேடும்போது அந்தக் கடைசி எழுத்தைப் பார்த்தால் பாதிச் செய்தியைப் படிக்காமலே தள்ளிவிடலாம்.

தமிழில் எழுதுகிற வியாபாரிக்கு இன்னொரு சங்கடம் உண்டு. இதை யாரும் பேசுவதில்லை. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலம் என்றால் 160 எழுத்து. தமிழ் என்றால் 70. அந்த 70ஐயும் நம் எழுத்துக் கணக்கில் எண்ணமாட்டார்கள். கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனி. 'தீபாவளித் தள்ளுபடி' என்று எழுதினால் நம் கண்ணுக்குப் பத்து எழுத்து, நடுவில் ஓர் இடைவெளி. அங்கே அது 18. செய்தி ஒன்றுக்கு மேல் போனால் ஒவ்வொரு துண்டுக்கும் 67தான். தமிழில் நாலு வரி மரியாதையாக எழுதினால் மூன்று செய்திக்கான காசு. அதனால்தான் நம் கடைகள் இத்தனை வருடமாக ஆங்கில எழுத்தில் தமிழை அனுப்பிக்கொண்டிருந்தன. வாடிக்கையாளருக்கு அது பிடித்திருந்ததா என்று யாரும் கேட்கவே இல்லை. வாட்ஸ்அப்பில் அந்தத் தடை இல்லை. வாய்ஸ் நோட்டில் எழுத்தே தேவையில்லை. நம் ஊரில் இந்தச் செயலி இவ்வளவு வேகமாகக் கடைக்குள் வந்ததற்கு விலை மட்டும் காரணம் இல்லை, நம் மொழியில் முழு வாக்கியம் பேச இடம் கொடுத்ததும் காரணம் என்பது என் எண்ணம்.

தம்பிக்கு: ஆர்டர் கிளம்பியது, பார்சல் எண் இது என்று சொல்லக் குறுஞ்செய்தி நல்லது. சேலை விற்க அது உதவாது. படம் இல்லாமல் சேலையை எப்படி விற்பீர்கள்?

கடலோரம் | செவ்வாய், இரவு 8:20

நான் ஜவுளி இல்லை, குளச்சல் பக்கம் மீன் ஏலம் எடுப்பவன். இதைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

போன் வியாபாரத்தை மாற்றியதற்கு ஸ்மார்ட்போன் வரை காத்திருக்க வேண்டியதில்லை. எங்களுக்கு வடக்கே கேரளத்தில், காசர்கோடு முதல் கோழிக்கோடு வரை, 1997லிருந்து 2001க்குள் செல்போன் கோபுரங்கள் வந்தன. அதற்கு முன் சாளை அதிகம் பட்ட கரையில் வாங்க ஆளில்லாமல் கடலிலேயே கொட்டுவார்கள், சில மைல் தள்ளி அடுத்த கரையில் மீனே இருக்காது. கோபுரம் வந்ததும் படகிலிருந்தே கூப்பிட்டு எந்தக் கரையில் என்ன விலை என்று கேட்டுவிட்டு அங்கே திருப்பினார்கள். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் இதை அளந்து 2007இல் வெளியிட்டார். மீனவர் லாபம் 8 சதவீதம் கூடியது, வாங்குபவர் கொடுத்த விலை 4 சதவீதம் குறைந்தது, கொட்டுவது கிட்டத்தட்ட நின்றே போனது. ஒரு செயலியும் இல்லை, ஒரு விளம்பரமும் இல்லை. கேட்க முடிந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் மிஸ்டு கால். இந்துஸ்தான் யூனிலீவர் 2013இல் பீகார், ஜார்க்கண்டில் ஒரு எண் கொடுத்தது. மிஸ்டு கால் கொடுத்தால் அவர்களே திருப்பிக் கூப்பிட்டுப் பதினைந்து நிமிடம் பாட்டும் சிரிப்பும் போடுவார்கள், நடுவில் விளம்பரம். கரண்டும் டிவியும் சரியாக எட்டாத ஊர்களில் அது வானொலி போல ஓடியது. கவனியுங்கள், முதலில் கூப்பிட்டது வாடிக்கையாளர். கம்பெனி திருப்பித்தான் கூப்பிட்டது. தம்பி, உங்கள் மென்பொருளுக்கும் அதற்கும் இந்த ஒரு வித்தியாசம்தான்.

இளம்பிள்ளைத்தறி | செவ்வாய், இரவு 11:10

எல்லாருக்கும் நன்றி. அக்கா எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கறிவேப்பிலைத் தொட்டி வந்த இடத்தில் "இன்னொரு தடவை படி" என்றார். பொறையார் ஐயா, அந்த 23இல் எங்களுடையதும் இருந்திருந்தால் மன்னிக்க வேண்டும், உண்மையாகவே சொல்கிறேன்.

நிரல்நெசவு அண்ணா, சொந்தச் செயலி பற்றி ஒன்றும் சொல்லவில்லையே? பக்கத்துக் கடைக்காரர் ஒன்று செய்துவிட்டார். இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் போடலாம் என்று தங்கை சொல்கிறாள்.

நிரல்நெசவு | புதன், காலை 10:05

செயலி எழுதித்தான் சாப்பிடுகிறேன், ஆனாலும் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

சில வருடம் முன்பு ஒரு ஜவுளிக்கடைக்கு எழுதிக் கொடுத்தேன். பில் போடும் இடத்தில் பெண்கள் நின்று "செயலி இறக்கினால் ஐம்பது ரூபாய் தள்ளுபடி" என்று சொல்வார்கள். இறக்கினார்கள். பஸ் நிறுத்தம் போவதற்குள் பாதிப்பேர் அழித்துவிட்டார்கள். கோபித்து என்ன பயன்? போனில் இடம் இல்லை. பேரன் படம், கல்யாண வீடியோ எல்லாம் இருக்கிறது, அதில் எதை அழித்து ஒரு சேலைக்கடைக்கு இடம் கொடுப்பார்கள்? அப்படியே வைத்திருந்தாலும், 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13லிருந்து அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்டாக வேண்டும். 'வேண்டாம்' என்று ஒரு தட்டு தட்டினால் உங்கள் செயலி வாயில்லாத பிள்ளை. தினமும் திறக்கக் காரணம் இருப்பவர்களுக்குத்தான் செயலி பலன் தரும். பால், பஸ், பணம், சாப்பாடு. வருடத்துக்கு நாலு தடவை வாங்கும் சேலைக்கு அந்தக் காரணம் கிடையாது.

இன்ஸ்டாகிராம் வேறு கதை. ரீல்ஸ் போடுங்கள், தங்கை சொல்வது சரி. புது ஆள் உங்களைப் பார்க்க அதைவிட மலிவான வழி இப்போது இல்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை விழுந்த பிறகு வீடியோ பார்ப்பது கிராமத்திலும் சாதாரணமாகிவிட்டது. ஆனால் அங்கே உட்கார்ந்து வீடு கட்டாதீர்கள். 2020 ஜூன் 29 ஞாபகம் இருக்கிறதா? டிக்டாக் உட்பட 59 செயலிகளை ஒரே அறிவிப்பில் தடை செய்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பொம்மை வியாபாரி, கை நிறைய ஃபாலோயர் வைத்திருந்தவர், மறுநாள் காலையில் ஒருவரையும் கூப்பிட முடியாமல் நின்றார். ஒருவர் எண்ணும் அவரிடம் இல்லை. பத்து நாளில் ரீல்ஸ் வந்தது, அவர் பூஜ்யத்திலிருந்து தொடங்கினார்.

ரீலைப் பார்த்து வருகிறவர் உங்களுக்கு ஒரு செய்தி போட வேண்டும், உங்கள் எண்ணைச் சேமிக்க வேண்டும். அந்த இரண்டும் நடக்கவில்லை என்றால் லட்சம் பேர் பார்த்தும் பயனில்லை.

பின்னால் வியாபாரம் பெருகினால் வாட்ஸ்அப்பின் கட்டணத் தளம் இருக்கிறது. 2025 ஜூலையிலிருந்து அனுப்பும் ஒவ்வொரு விளம்பரச் செய்திக்கும் தனித்தனியாகக் காசு, வாசகத்துக்கு முன் ஒப்புதலும் வேண்டும். ஆனால் வாடிக்கையாளர் முதலில் எழுதினால் 24 மணி நேரத்துக்குள் நீங்கள் கொடுக்கும் பதிலுக்குக் காசு இல்லை. விலை வைத்திருக்கும் விதத்தைப் பாருங்கள், கடலோரம் சொன்னதேதான்.

டொராண்டோமழை | புதன், மாலை 5:33

இங்கிருந்து ஒரு வார்த்தை. என் மகளின் பூப்புனித நீராட்டுக்கு சேலம் பக்கத்துக் கடை ஒன்றில் வீடியோ கோலில்தான் பதினொரு சேலை எடுத்தேன். எங்களுக்கு இரவு பத்து, அவர்களுக்குக் காலை. கடையில் நின்ற பெண் ஒவ்வொன்றாகத் தன் தோளில் போட்டு நடந்து காட்டினார். அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து அதே கோலில் இருந்துகொண்டு "அந்தக் கரையை இன்னொருக்காக் காட்டு பிள்ளை" என்று சொல்லிக்கொண்டிருந்தா. அம்மாவோடு கடைக்குப் போய் இருபது வருடம் ஆகிவிட்டது. அன்றைக்குப் போன மாதிரி இருந்தது. அந்தக் கடையின் எண்ணை நான் எப்படி அழிப்பேன்?

மொத்தவிலை | புதன், இரவு 9:48

ஈரோட்டிலிருந்து. நண்பர்கள் மன்னிக்கவும், நான் ஒத்துப்போகவில்லை. வாய்ஸ் நோட்டும் கறிவேப்பிலையும் கேட்க நன்றாக இருக்கிறது, ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் அப்படிப் பேச முடியும்? நான் பெட்ஷீட்டும் துண்டும் பெரிய சந்தைச் செயலிகளில் விற்கிறேன். எனக்கு இந்தி தெரியாது. குவாஹாத்திக்கும் போபாலுக்கும் என் துண்டு போகிறது. ராத்திரி தூங்கும்போது ஆர்டர் விழுகிறது. எட்டுப் பேருக்கு வேலை கொடுத்திருக்கிறேன். ரிட்டன் தொல்லை உண்டு, விலையில் அடிதடி உண்டு. இருந்தாலும் தெருவில் கடை வைத்திருந்தால் இந்த அளவுக்கு வந்திருக்கவே மாட்டேன்.

வாடிக்கையாளர் யார் என்று எனக்குத் தெரியாது, அவர் எண் எனக்கு வராது. உண்மைதான். ஆனால் துண்டு வாங்குபவர் என்னோடு பேச விரும்புகிறாரா என்ன?

நிரல்நெசவு | புதன், இரவு 10:31

துண்டுக்கு நீங்கள் சொல்வது சரி அண்ணா, மறுக்கவில்லை. அளவும் விலையும் தெரிந்தால் போதும். சேலை அப்படி இல்லை, அதைப் பேசித்தான் வாங்குகிறார்கள். தவிர, அந்தச் செயலியில் நாளை உங்கள் துண்டு மூன்றாம் பக்கத்துக்குப் போய்விட்டால் பழைய குவாஹாத்திக்காரரை நீங்கள் கூப்பிட முடியாது. அது ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்.

அஞ்சறைப்பெட்டி | வியாழன், காலை 5:50

இரண்டு நாளாக ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தேன், சொல்லிவிடுகிறேன்.

எல்லாரும் தம்பிக்கு நேராக வாடிக்கையாளரைப் பிடிக்க வழி சொல்கிறீர்கள். அப்படியானால் நான்? நடுவில் எண்பது ரூபாய், நூறு ரூபாய் வைத்து விற்கிற நாங்கள்? மீஷோ என்ற விற்பனைச் செயலி 2015இல் தொடங்கி எங்களைப் போன்ற ரீசெல்லர்களை வைத்து வளர்ந்தது, பிறகு வாங்குபவரிடமே நேராக விற்கத் திரும்பியது. கம்பெனி அது, அவர்கள் வழி அவர்களுக்கு. ஆனால் ஊரில் இருக்கும் மொத்தக் கடைகளும் இப்போது அதையே செய்கின்றன. குரூப்பில் எனக்கு 620 ரூபாய் என்கிறார்கள், அன்று மாலையே தங்கள் ரீலில் ஊருக்கெல்லாம் 620. நான் 720 சொல்லி விற்ற அம்மா என்னிடம் வந்து "ஏம்மா, ஏமாத்திட்டியே" என்று கேட்டால் நான் எங்கே முகத்தை வைப்பேன்? அந்த நூறு ரூபாய்க்குள் என் மொட்டை மாடி இருக்கிறது, மூன்று வாய்ஸ் நோட் இருக்கிறது, டேமேஜ் வந்தால் என் கைக்காசு இருக்கிறது. அது அவருக்குத் தெரியாது.

தம்பி, உங்கள் அப்பா அந்தக் காலத்தில் வியாபாரியைத் தாண்டி அவருடைய ஊர்க்காரரிடம் நேராக விற்றிருப்பாரா? அவரிடம் கேளுங்கள்.

செய்தித்தூது | வியாழன், காலை 11:15

அக்கா கேட்டது இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி. தம்பி, பதில் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

இளம்பிள்ளைத்தறி | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9:26

தாமதத்துக்கு மன்னியுங்கள். செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

முதலில் அக்கா கேள்வி. அப்பாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "மாட்டேன்" என்றார். ஒருமுறை விருதுநகர் வியாபாரியின் மருமகளே நேராக வந்து கேட்டபோது அவருடைய கடை விலையையே சொல்லி, லாபத்தை அவர் கணக்கில் வரவு வைத்தாராம். நோட்டை எடுத்துக் காட்டினார், 1998ஆம் வருட நோட்டு.

அதனால் இப்படி முடிவு செய்திருக்கிறோம். ரீலில் இனி நாங்கள் ரீசெல்லர் விலையைப் போடமாட்டோம், கடைவிலை மட்டும். தனிச் சேலை கேட்டு யார் வந்தாலும் அதே கடைவிலை. ரீசெல்லருக்கு அதிலிருந்து நூறு ரூபாய் குறைவு, அது அவர்கள் குரூப்புக்குள் மட்டும். அவர்கள் சொல்லி அனுப்பும் பார்சலில் எங்கள் கடைப் பெயரோ எண்ணோ இருக்காது, அவர்கள் பெயர் ஒட்டித்தான் போகும். இதைக் குரூப்பில் அப்பாவே பேசிப் போட்டார்.

அடுத்து, அந்த 4,100 எண்கள். மென்பொருள்காரர் கொடுத்த பட்டியலை அழித்தேன். எங்கள் எண்களுக்கும் மொத்தமாக எதுவும் அனுப்பவில்லை. தங்கையும் நானும் ஆளுக்கு ஒரு நாளைக்கு அறுபது, எழுபது பேர் என்று, கடைசி இரண்டு வருடத்தில் எங்களிடம் வாங்கியவர்களுக்கு மட்டும், அவரவர் பெயரும் வாங்கிய சேலையும் சொல்லி எழுதினோம். கூடவே அப்பாவின் வாய்ஸ் நோட்: "தீபாவளிக்கு முன்னாடி ஒரு ராத்திரி தப்பு பண்ணிட்டோம். இனிமே சனிக்கிழமை ஒரு தடவைதான் அனுப்புவோம். வேணும்னா எங்க நம்பரைச் சேமிச்சிட்டு 'சேலை'ன்னு ஒரு வார்த்தை போடுங்க. வேண்டாம்னா ஒண்ணும் பண்ண வேண்டாம், நாங்க தொந்தரவு பண்ண மாட்டோம்."

இதுவரை 1,300க்குக் கொஞ்சம் மேல் 'சேலை' வந்திருக்கிறது. 4,100ஐப் பார்த்த கண்ணுக்கு முதலில் சங்கடமாக இருந்தது. ஆனால் போன சனிக்கிழமை அனுப்பிய பன்னிரண்டு படத்துக்கு வந்த பதில்கள், முன்பு தினமும் அனுப்பியபோது வாரம் முழுக்க வந்ததைவிட அதிகம். ஆர்டர் இன்னும் பழைய அளவுக்கு வரவில்லை, அதையும் மறைக்கவில்லை. ரிட்டன் மட்டும் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் குறைந்திருக்கிறது. இப்போது ஒவ்வொரு சேலைக்கும் இரண்டு படம், ஒன்று கடைக்குள், ஒன்று வாசலில் வெயிலில். வாசலில் ஒரு கறிவேப்பிலைக் கன்றும் வைத்திருக்கிறோம் அக்கா.

பழைய வியாபாரிகள் அப்பாவுக்கு வாய்ஸ் நோட்டிலேயே பதில் போடுகிறார்கள். ஒருவர் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு, கடைசியில் "அந்த மயில்கழுத்துக் கலர்ல பத்து அனுப்பு" என்று முடித்தார். அப்பா அதை மூன்று தடவை கேட்டார்.

ஒரு சந்தேகம். அப்பாவின் நோட்டு நாற்பது வினாடி வருகிறது. நீளமா? பொறையார் ஐயா, நீங்கள் சொல்லுங்கள்.

அஞ்சறைப்பெட்டி | ஞாயிறு, இரவு 10:02

குரூப்பில் அப்பா பேசியதைக் கேட்டேன். இங்கே இருக்கிற எங்கள் ஆட்களுக்கும் போட்டுக் காட்டினேன். பொங்கலுக்கு நாற்பது சேலை எடுக்கிறேன் தம்பி, பார்சலில் என் பெயரை 'அஞ்சறைப்பெட்டி' என்றே போடுங்கள்.

பொறையார்வாசி | திங்கள், காலை 7:12

நாற்பது வினாடி சரி. பெரியவர் முதல் நொடியிலேயே எந்தக் கடை என்று சொல்லிவிடட்டும், கண்ணாடி தேடாமல் தெரிந்துகொள்ளலாம். தனிமடலில் எண் கொடுத்ததற்கு நன்றி, சேமித்துவிட்டேன். மனைவிக்கு ஸ்கேனில் ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறாள். மாம்பழ மஞ்சளில் அகலக்கரை வேண்டும் என்கிறாள். 'சேலை' என்று இப்போதுதான் அனுப்பினேன். வெயிலில் எடுத்த படத்தை மறந்துவிடாதீர்கள்.